புகைத் திரையும் பங்கரும்: அணுகுண்டில் எது காக்கும்?

கேள்வி (ஒரு வாசகர்), ஓகஸ்ட் 6
இன்று ஹிரோஷிமா நாள். எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். புகை மூட்டம் போட்டால் அணுகுண்டின் கதிர்வீச்சு உள்ளே வராது, அதற்காகவே இராணுவங்கள் புகைத் திரை வைத்திருக்கின்றன என்கிறார் மாமா. அணுகுண்டு விழுந்தால் பங்கராவது (பதுங்குகுழி) புகையாவது, எல்லாரும் ஒரே நொடியில் சாம்பல் என்று நான் சொன்னேன். யார் சொன்னது சரி?

ஓகஸ்ட் 6, இரவு 9.15
இரண்டு பேர் சொன்னதும் பிழை. ஆனால் மாமா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

"கதிர்வீச்சு" என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு பொருட்களை நாம் கலந்து பேசுகிறோம். வானில் வெடிக்கும் பிளவுக் குண்டு, அதாவது அணுவைப் பிளந்து சக்தி எடுக்கும் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சக்தியில் ஏறக்குறைய பாதி காற்றழுத்த அலையாகப் போகிறது. 35 விழுக்காடு ஒளியும் வெப்பமும். முதல் நிமிடத்தில் வரும், கண்ணுக்குத் தெரியாமல் உடலைத் துளைக்கும் காமா கதிரும் நியூட்ரானும் 5 விழுக்காடு. மீதி 10 விழுக்காடு, பிறகு தூசியோடு விழும் கதிரியக்கம்.

புகை தடுப்பது அந்த 35 விழுக்காட்டை மட்டும். வெப்பமும் வெளிச்சம்தானே, வெயிலை மேகம் மறைப்பது போலப் புகை அதை மறைக்கும். 1953இல் நெவாடாப் பாலைவனத்தில் நடந்த சோதனைகளில் அமெரிக்க இராணுவம் இதை உண்மையான குண்டின் முன்னாலேயே புகை போட்டு அளந்து பார்த்தது. அடர்த்தியான வெள்ளைப் புகை நடுவில் இருந்தால், வந்து சேரும் வெப்பம் பத்தில் ஒரு பங்காகக் கூடக் குறையும்.

காமா கதிருக்கும் நியூட்ரானுக்கும் புகை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஓகஸ்ட் 6, இரவு 11.50
படுத்தும் நித்திரை வரவில்லை. மேலே "ஒன்றுதான்" என்று சொல்லி முடித்துவிட்டேன், ஏன் என்று சொல்லவில்லை.

காமா கதிரை நிறுத்துவது எடை. கதிர் வரும் வழியில் ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ பொருள் நிற்கிறது என்பதே கணக்கு. புகை கண்ணை முழுதாக மறைத்தாலும் அதிலுள்ள துகள்களை அள்ளி நிறுத்தால் ஒரு கைப்பிடி தேறாது. வெறும் காற்றைப் பாருங்கள். ஒரு கனமீற்றர் காற்று 1.2 கிலோ. அப்படியென்றால் ஒரு கிலோமீற்றர் தூரக் காற்று, சதுர மீற்றருக்கு 1.2 தொன். எடையில் அது அரை மீற்றர் கொங்கிறீற் சுவருக்குச் சமம். தூரம் காப்பாற்றுகிறது என்பதற்கு இது ஒரு காரணம். ஹிரோஷிமாக் குண்டு ஏறக்குறைய 15 கிலோதொன், அதாவது 15,000 தொன் வெடிமருந்தின் பலம். அதில் இரண்டரைக் கிலோமீற்றருக்கு அப்பால் நின்றவர்களுக்கு முதல் நிமிடக் கதிர் மிகக் குறைவாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் வெறும் தோலில் வெப்பக் காயம் மூன்றரைக் கிலோமீற்றரிலும் வந்தது.

ஆகவே வாசகரே, "எல்லாரும் ஒரே நொடியில் சாம்பல்" என்ற உங்கள் பேச்சை முதலில் விடுங்கள். எதற்கு எது தடுப்பு என்று தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் ஏராளம் பேர்.

ஓகஸ்ட் 7, காலை
நீ யார் இதைச் சொல்ல என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் கட்டடப் பொறியியலாளர். புற்றுநோய் வைத்தியசாலைகளில் கதிர் சிகிச்சை இயந்திரம் வைக்கும் அறைகளைக் கட்டுவதில் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். அந்த அறைக்குத் தொழிலில் என்ன பெயர் தெரியுமா? பங்கர். முதல் நாள் வேலைத்தளத்தில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

ஏனென்றால் நான் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் வளர்ந்தவன். 1990இல் எனக்கு ஒன்பது வயது. எங்கள் வளவில் மாமரத்துக்குக் கிழக்கே அப்பாவும் பெரியண்ணாவும் வெட்டிய பங்கர். மேலே பனங்குத்தி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. ஒரு அடி மண் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாசல் நேராகப் போகாது. இறங்கியதும் ஒரு சுவர், பிறகு இடது பக்கம் திரும்பித்தான் உள்ளே போகவேண்டும். "ஏனப்பா நேராய் வெட்டேல்லை?" என்று கேட்டதற்கு, "செல் துண்டுக்கு முடக்குத் திரும்பத் தெரியாது" என்றார். செல் என்றால் எறிகணை.

சிகிச்சை அறையின் வாசலும் அப்படித்தான். நடைபாதை ஒன்று வளைந்து போகும். எக்ஸ்-கதிருக்கும் முடக்குத் திரும்ப வராது. சுவரில் பட்டுச் சிதறித்தான் அடுத்த பக்கம் போக முடியும், சிதறும்போது பலமெல்லாம் போய்விடும். காமாவுக்கும் அதே விதி. நியூட்ரான் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரன், வளைந்த பாதையிலும் தவழ்ந்து வரப் பார்க்கும். அதற்காகத்தான் பெரிய இயந்திரங்களின் கதவில், நியூட்ரானை விழுங்கும் போரன் கலந்த பிளாஸ்ரிக் வைப்போம்.

ஓகஸ்ட் 7, மாலை
ஒரு திருத்தம். "வெப்பம் பத்தில் ஒரு பங்கு" என்று முதல் குறிப்பில் எழுதியதைச் சிலர் மழைக்காலப் பனிமூட்டத்துக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை. மெல்லிய மூட்டம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், ஆனால் சிதறியதில் பெரும்பகுதி எப்படியும் உங்களிடம்தான் வந்து சேரும். பத்தில் ஒன்று என்பது கையை நீட்டினால் விரல் தெரியாத அளவு அடர்ந்த திரைக்கு. திரை குண்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கவும் வேண்டும். மேகத்துக்குக் கீழே குண்டு வெடித்தால் மேகம் வெப்பத்தைத் திருப்பிக் கீழே அனுப்பும், நிலைமை இன்னும் மோசம்.

இன்னொன்று: வெப்பத்தின் பெரும்பகுதி முதல் ஓரிரு விநாடிகளிலேயே வந்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கண்டபிறகு புகை போட நேரமே இல்லை. குண்டு வருமுன்பே திரை எழுந்திருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 9, காலை 11.02க்குப் பிறகு
இந்த நேரத்துக்காகக் காத்திருந்து எழுதுகிறேன். நாகசாகியில் குண்டு வெடித்த நேரம் 11.02.

புகை ஒரு நகரத்தை உண்மையிலேயே காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. 1945 ஓகஸ்ட் 9 அன்று, குண்டைச் சுமந்த பொக்ஸ்கார் என்ற அமெரிக்க விமானம் புறப்பட்டபோது அதன் முதல் இலக்கு நாகசாகி இல்லை. கோகுரா. அங்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. இலக்கைக் கண்ணால் பார்த்தே போடவேண்டும் என்பது விமானிகளுக்கு இருந்த கட்டளை. விமானி சார்ள்ஸ் ஸ்வீனி மூன்று முறை நகரத்தின் மேலாகப் பறந்தார். மூன்று முறையும் குண்டு போடுபவரின் கண்ணாடியில் தொழிற்சாலை தெரியவில்லை. எரிபொருளும் குறைந்துகொண்டே வந்தது. நாகசாகிக்குத் திரும்பினார்கள்.

கோகுராவை மறைத்தது என்ன? முதல் நாள்தான் பக்கத்து நகரமான யஹாட்டாவில் பெரிய தீக்குண்டு வீச்சு நடந்திருந்தது, அந்தப் புகை காற்றோடு வந்தது என்பது ஒரு விளக்கம். வெறும் மேகம் என்பது இன்னொன்று. மூன்றாவதை, யஹாட்டா உருக்காலையில் வேலை செய்த ஒருவர் முதிர்ந்த வயதில், 2014இல் ஜப்பானியப் பத்திரிகை ஒன்றிடம் சொன்னார்: விமானம் வருகிறது என்று கேட்டதும் பீப்பாய்களில் நிலக்கரித் தாரைக் கொளுத்திப் புகை எழுப்பினோம் என்று. மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

பாருங்கள், இங்கே புகை காமாவைத் தடுக்கவில்லை, வெப்பத்தைக்கூடத் தடுக்கவில்லை. ஒரு மனிதனின் கண்ணை மறைத்தது. மாமா சொன்ன "இராணுவம் புகை வைத்திருக்கிறது" என்பதன் முதல் வேலை இதுதான், குறிபார்ப்பவனைக் குருடாக்குவது. செய்மதி வழிகாட்டிக் குண்டை இறக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பயனும் பெரும்பாலும் போய்விட்டது.

கோகுரா இப்போது கிட்டாக்கியூஷூ நகரத்தின் ஒரு பகுதி. அந்தத் தொழிற்சாலை இருந்த இடம் பூங்கா. ஒவ்வோர் ஓகஸ்ட் 9இலும் அங்கே நாகசாகி மக்களுக்காகக் கூடி நின்று அஞ்சலி செய்கிறார்கள். நாகசாகியில் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 74,000 பேர் இறந்தார்கள்.

ஓகஸ்ட் 9, இரவு
காலையில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். நாகசாகியைப் பற்றி இரண்டு வரியோடு விட்டது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பங்கரைப் பற்றிய மிகப் பெரிய சாட்சியம் அங்கேதான் இருக்கிறது.

நாகசாகி மலைகளுக்கு இடையில் உள்ள ஊர். மலைச்சரிவைக் குடைந்து பக்கவாட்டுச் சுரங்கங்கள் வெட்டியிருந்தார்கள். நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அவற்றில் இடம் இருந்தது. குண்டு வெடித்த நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் சில நூறு பேர் மட்டும். வாசலுக்கு நேரே நிற்காமல் உள்ளே தள்ளி இருந்தவர்கள், குண்டுக்கு மிக அருகிலும் உயிரோடு வெளியே வந்தார்கள். போருக்குப் பிறகு போன அமெரிக்க ஆய்வுக் குழு இதைக் குறிப்பாக எழுதி வைத்தது.

மற்றவர்கள் ஏன் உள்ளே இல்லை? காலை 7.50க்கு அபாயச் சங்கு ஊதியது. 8.30க்கு ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள். சனம் வெளியே வந்து வேலையைப் பார்க்கப் போனது. 11 மணிக்குச் சற்று முன் தெரிந்த இரண்டு விமானங்களை வேவு விமானங்கள் என்று நினைத்தார்கள். ஹிரோஷிமாவிலும் இதே கதைதான். 7.09க்குச் சங்கு, 7.31க்கு நீங்கியது, 8.15க்குக் குண்டு.

இதை முதல்முறை படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நானும் ஒருநாள் அப்படி வெளியே ஓடினவன். பொம்மர், அதுதான் குண்டுவீச்சு விமானம், போட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து, எங்கே விழுந்தது என்று பார்க்கப் படலையடிக்கு ஓடினேன். அது திரும்பி வந்தது. "உள்ளுக்கு வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்ற அம்மாவின் குரல் இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த தெருவில் விழுந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடி எல்லாம் சிதறியது. நான் படலைத் தூணுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன்.

குப்புறக் கிடப்பது அணுகுண்டிலும் பயன்படும். வெளிச்சம் உடனே வரும், ஆனால் அழுத்த அலை மூன்று கிலோமீற்றர் வருவதற்கு ஏழெட்டு விநாடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளி போல. என்ன வெளிச்சம் என்று பார்க்க யன்னலுக்குப் போனவர்களைத்தான் கண்ணாடி வெட்டும். யன்னலுக்குப் போகாதீர்கள்.

ஓகஸ்ட் 10
"மிக அருகிலும் உயிரோடு" என்பது மிகைப்படுத்தல் என்று ஒருவர். சரி, ஒரு மனிதரைச் சொல்கிறேன்.

எய்சோ நொமுரா. வயது 47. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழிருந்து 170 மீற்றர் தூரத்தில் எரிபொருள் விநியோக அலுவலகம் ஒன்றில் வேலை. அன்று காலை ஏதோ பத்திரங்களை எடுக்க நிலவறைக்கு இறங்கினார். அந்தக் கணத்தில் குண்டு வெடித்தது. மேலே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. அவர் ஏறி வெளியே வந்து, எரியும் நகரத்தைக் கடந்து போனார். கதிர் நோயில் கடுமையாகப் படுத்தார், எழும்பினார். 1982 வரை வாழ்ந்தார். அந்தக் கட்டடம் சமாதானப் பூங்காவுக்குள் இன்றும் நிற்கிறது.

அங்கே போயிருக்கிறேன். கொங்கிறீற் சட்டத்தில் கட்டிய, 1929ஆம் ஆண்டுக் கட்டடம். முதலில் கிமோனோக் கடையாக இருந்தது. பொறியியலாளன் கண்ணோடு தூணையும் தளத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் அதைப் பங்கராகக் கட்டவில்லை. தலைக்கு மேலே கொங்கிறீற், சுற்றிவர மண், இரண்டும் அவருக்கு வாய்த்தன.

ஓகஸ்ட் 12
இதுவரை முதல் நிமிடத்தையே பேசினோம். தரையோடு வெடிக்கும் குண்டில் அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய சேதம். மண்ணை அள்ளி மேலே கொண்டுபோய், கதிரியக்கத் தூசியாகக் காற்று போகும் பக்கமெல்லாம் கொட்டும்.

1954 மார்ச் 1, பசிபிக் கடலின் பிகினித் தீவுகளில் அமெரிக்கா நடத்திய "பிராவோ" குண்டுச் சோதனை. 15 மெகாதொன், ஹிரோஷிமாக் குண்டைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு. வெடிக்கவைத்த ஒன்பது பேர் 32 கிலோமீற்றர் தள்ளி எனியூ என்ற தீவில், பவளமணல் குவித்து மூடிய கொங்கிறீற் பங்கருக்குள் இருந்தார்கள். வெளியே தூசி விழ விழ அவர்களின் அளவுகருவி ஏறியது. பங்கருக்குள்ளேயே நன்றாக மறைந்த அறையொன்றுக்குள் ஒதுங்கினார்கள். பல மணி நேரம் கழித்து ஹெலிகொப்டர் வந்தபோது, தோலில் தூசி படாமலிருக்கக் கட்டில் விரிப்புகளைப் போர்த்துக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, ஓடி ஏறினார்கள். அவர்களைக் காத்தது மண்ணும் கொங்கிறீற்றும்.

அதே நாளில் 150 கிலோமீற்றருக்கும் அப்பால் ரொங்கெலாப் தீவு மக்கள் மேல் வெள்ளைத் தூள் விழுந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகே அவர்களை ஏற்றிச் சென்றார்கள். மிக மோசமான மணித்தியாலங்கள் முழுவதையும் அவர்கள் ஓலைக் குடிசையிலும் திறந்த வெளியிலும் கழித்தார்கள். ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேரின் மேலும் அது விழுந்தது. வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அந்தச் செப்டெம்பரில் இறந்தார். ஒன்பது பேருக்குப் பங்கர் கட்டத் தெரிந்தவர்கள், ஒரு தீவு மக்களுக்கு "உள்ளே இருங்கள், தூளைக் கழுவுங்கள்" என்றுகூடச் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏன் முதல் மணித்தியாலங்கள்? நேரம் ஏழு மடங்கு ஆனால் கதிர் பத்தில் ஒன்றாகக் குறையும். ஒரு மணித்தியாலத்தில் 1000 என்று வைத்தால் ஏழு மணித்தியாலத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. முதல் இரண்டு நாள் உள்ளே இருந்தாலே பெரும்பங்கு கடந்துவிடும்.

ஓகஸ்ட் 12, சற்றுப் பிறகு
எவ்வளவு தடிமன் என்று கேட்டவருக்கு: தூசியிலிருந்து வரும் காமாவைப் பாதியாக்க, ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் கொங்கிறீற், அல்லது 9 சென்ரிமீற்றர் இறுகிய மண், அல்லது 18 சென்ரிமீற்றர் தண்ணீர். மண்ணில் ஒரு அடிக்குப் பத்தில் ஒன்று என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். மூன்று அடிக்கு ஆயிரத்தில் ஒன்று. வெடித்த முதல் நிமிடக் காமா இதைவிடக் கடுமையாகத் துளைக்கும், அதற்கு இன்னும் கூடுதல் தடிமன் வேண்டும்.

ஓகஸ்ட் 13
சுவிற்சர்லாந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1963இலிருந்து சட்டம் போட்டு, வீட்டோடு காப்பறை கட்டவைத்தார்கள். நாட்டு மக்கள் எல்லாருக்கும் இடம் உண்டு. காற்றுக்குக் கையால் சுற்றும் விசிறியும் உண்டு, மின்சாரம் போனாலும் மூச்சு நிற்காது.

லூசர்ன் நகரில் நெடுஞ்சாலைச் சுரங்கம் ஒன்றையே 20,000 பேருக்கான காப்பிடமாகக் கட்டி 1976இல் திறந்தார்கள். ஒவ்வொரு கதவும் 350 தொன். 1987இல் ஒத்திகை பார்த்தபோது ஒரு கதவு முழுதாக மூடவில்லை. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பயம் இது. சுவரில் ஒருநாளும் பிழை வராது, வாசலிலோ துவாரத்திலோதான் வரும்.

ஓகஸ்ட் 15
அதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. எந்த ஊர், எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம்.

இரண்டு மீற்றருக்கு மேல் தடித்த சுவர். நிறுத்தாமல் ஒரே மூச்சில் கொங்கிறீற் ஊற்றினோம், இடையில் மூட்டு வரக்கூடாது என்று இரவு முழுக்க நின்றோம். வயர் போகும் குழாயைச் சரிவாகத்தான் வைக்கவேண்டும், கதிர் வரும் திசைக்கு நேராக வைக்கக்கூடாது. வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. கம்பி கட்டும்போது யாரோ இடம் போதாது என்று ஒரு குழாயை நேராக வைத்துவிட்டார்கள். நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இயந்திரம் ஓடவிட்டு வெளியே அளவுகருவியோடு சுவரைத் தடவிக்கொண்டு போனபோது, ஒரு கையளவு இடத்தில் மட்டும் முள் எழும்பியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தாதி மேசை போட்டு உட்காரப் போகிற இடம். ஈயத்தால் அடைத்துச் சரிசெய்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கம்பி கட்டும் நாளில் குழாய்களை நானே எண்ணுகிறேன்.

ஓகஸ்ட் 18
எங்கள் வளவுப் பங்கரில் ஒரு அடி மண் என்று 7ஆம் திகதி எழுதியிருந்தேன். அதைப் பெரியண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் இப்போது தூரதேசத்தில், அறுபதை நெருங்குகிறார். தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒரு அடியோ? ஆர் சொன்னது? ரெண்டடி. முதல் ஒரு அடிதான் போட்டது. நீ படலையடிக்கு ஓடின அண்டைக்கு இரவு, அப்பா லாம்பைக் கொளுத்தி வைச்சுக்கொண்டு இன்னொரு அடி போட்டவர். நான்தான் சாக்குப் பிடிச்சனான். நீ உள்ளுக்குப் படுத்திருந்தனி."

எனக்கு அது தெரியாது. நித்திரையாக இருந்திருப்பேன்.

ஆகவே திருத்தம்: மண் இரண்டு அடி, 60 சென்ரிமீற்றர். தூசிக் காமாவுக்குக் கணக்குப் பார்த்தால் கூரை வழியாக வருவது நூறில் ஒன்று. பனங்குத்தியை நான் சேர்க்கவில்லை.